வெளிநாடு போறீங்களா? முதல்ல புத்தகத்தைப் பாருங்க!

வெளிநாட்டுப் பயணம் என்றால் நாம் என்னென்ன வாங்குவோம்? சக்கரம் வைத்த பெரிய பெட்டி வாங்குவோம். அதற்குப் பூட்டு வாங்குவோம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் என்று பாதிப் பெட்டியை நிரப்பிவிடுவோம். போகிற ஊரைப் பற்றி ஒரு புத்தகம் வாங்குவோமா? பெரும்பாலும் மாட்டோம். "அதான் அங்கே நம்ம ஆளுங்க இருக்காங்களே... கூட்டிக்கிட்டுப் போவாங்க" என்று சொல்லிவிடுவோம்.

அந்த 'நம்ம ஆளுங்க' காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

என் தங்கச்சி சிங்கப்பூரில், யீஷூன் என்ற பகுதியில், அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அவளும் வேலைக்குப் போகிறாள், அவள் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறார். 2024 மே மாத லீவுக்கு அம்மாவையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் வந்து இருக்கச் சொன்னாள். என் வீட்டுக்காரருக்குக் கடை இருக்கிறது. பூட்டிவிட்டு வர முடியாது. அவர் இல்லாமல் நான் மதுரை தாண்டிப் போனதே இல்லை. அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக் கொள்கிறவர். மகள் ஏழாம் வகுப்பு.

தங்கச்சி போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "சனி, ஞாயிறு நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம்க்கா. மத்த நாள்ல வீட்டுல ஏசி போட்டுக்கிட்டு டிவி பாருங்க. தனியா வெளியில போய்த் தொலைஞ்சு போயிடாதீங்க."

இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம், தோழியரே! கடல் கடந்து போய், எட்டு நாள் நாலு சுவருக்குள் உட்கார்ந்து சீரியல் பார்க்கவா அந்தப் பணம்? அன்றைக்குத்தான் நினைத்தேன். நம்மை யாரும் கூட்டிக்கொண்டு போகாவிட்டாலும் நாமே போய் வரும்படி ஒரு புத்தகம் வேண்டும். எப்படிப்பட்ட புத்தகம் என்று தேடியதில் நான் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நோட்டு, அப்புறம்தான் கடை

எல்லாரும் கடைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். அட்டைப் படம் அழகாக இருந்தால் வாங்கிவிடுவார்கள். நாங்கள் முதலில் மகளின் ரஃப் நோட்டில் எங்கள் கேள்விகளை எழுதினோம். மூன்று பேரும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதியது.

அம்மா கேட்டது: "கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்துவாங்க? நடுவழியில பாத்ரூம் வந்தா எங்கே போறது? என் ஊசியைக் கொண்டு போக விடுவாங்களா? சக்கரை போடாத டீ கிடைக்குமா?"

மகள் கேட்டது: "பறவைப் பூங்கா எங்கே இருக்கு? எப்படிப் போகணும்?"

நான் கேட்டது: "ரயில் எங்கே ஏறி எங்கே மாறுவது? அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு எங்கே? எதைக் கொண்டுபோனால் பிடிப்பார்கள்? ஒரு நாள் செலவு எவ்வளவு ஆகும்?"

மொத்தம் பதினாறு கேள்வி வந்தது. இந்தப் பதினாறுக்கும் எந்தப் புத்தகம் அதிகமாகப் பதில் சொல்கிறதோ அதுதான் எங்கள் புத்தகம் என்று முடிவு செய்துகொண்டோம். இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதிக்கொண்டு போகிற மாதிரிதான். சீட்டு இல்லாமல் போனால் கடைக்காரர் காட்டுகிறதை வாங்கி வருவோம், அவ்வளவுதான்.

பயணக் கட்டுரை வேறு, வழிகாட்டி வேறு

முதலில் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன். சிங்கப்பூர் பற்றித் தமிழில் இரண்டு புத்தகம் கிடைத்தது. இரண்டும் படிக்க நன்றாக இருந்தது. எழுதியவர் யாரைப் பார்த்தார், எந்த மேடையில் பேசினார், என்ன விருந்து சாப்பிட்டார் என்று சுவையாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் என் நோட்டை வைத்துப் பார்த்தால் பதினாறில் இரண்டு கேள்விக்குத்தான் பதில் இருந்தது.

அது அந்தப் புத்தகங்களின் குறை இல்லை. அவை பயணக் கட்டுரைகள். ஒருவர் போய் வந்த கதையைச் சொல்வது பயணக் கட்டுரை. நாம் போய் வருவதற்கு வழி சொல்வது வழிகாட்டி. கட்டுரையைப் புறப்படும் முன் ஆசைக்குப் படிக்கலாம். வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டும்.

அதே நூலகத்தில் இந்த வழிகாட்டிப் புத்தகங்கள் எப்படி வந்தன என்பதையும் படித்தேன். ஜெர்மனியில் கார்ல் பெடெக்கர் என்பவர் 1827-ல் புத்தக வியாபாரம் தொடங்கி, பிறகு பயண வழிகாட்டிகளை வெளியிட்டாராம். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் கூலிக்கு வழி காட்டுகிறவர்களையும் விடுதிக்காரர்களையும் நம்பி நிற்காமல், தாங்களே பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். முக்கியமான இடத்துக்கு நட்சத்திரக் குறி போடும் பழக்கத்தையும் அவர் பரப்பினார்.

இன்று உலகம் பூராவும் விற்கிற 'லோன்லி பிளானட்' புத்தகங்களைத் தொடங்கியது ஒரு கணவன் மனைவி. டோனி வீலர், மௌரீன் வீலர். இங்கிலாந்திலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்து, 1973-ல் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் புத்தகத்தைத் தயார் செய்தார்களாம். பார்த்தீர்களா, சமையலறைப் பக்கத்தில் பிறந்த புத்தகம்! நாம் ஏன் அதைக் கண்டு பயப்பட வேண்டும்?

எந்த வருஷத்துப் புத்தகம்?

ஆங்கில வழிகாட்டிகளைப் பார்க்க நானும் மகளும் திருச்சி போனோம். கடையில் சிங்கப்பூருக்கு ஆறு புத்தகம் இருந்தது. கடைக்காரத் தம்பி, "அக்கா, இதுதான் நல்லா போகுது" என்று ஒன்றை நீட்டினார். நான் நோட்டை எடுத்தேன்.

முதலில் பார்க்கவேண்டியது வருஷம். அட்டையில் இருக்காது. உள்ளே இரண்டாவது, மூன்றாவது பக்கத்தில் பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். 'முதல் பதிப்பு' என்று ஒரு வருஷம், 'இந்தப் பதிப்பு' என்று ஒரு வருஷம் போட்டிருப்பார்கள். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. 'மறு அச்சு' என்று மட்டும் இருந்தால் உள்ளே விஷயம் மாறவில்லை, பழைய மாவிலேயே புது தோசை வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வருஷம் ஏன் அவ்வளவு முக்கியம்? மகளின் பறவைப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஜூரோங் பறவைப் பூங்கா என்று மிகவும் பிரபலமான ஒன்று இருந்தது. மேற்குப் பக்கத்தில். அது 2023 ஜனவரியில் மூடப்பட்டது. பறவைகளை வடக்கே மண்டாய் என்ற இடத்துக்குக் கொண்டுபோய், 'பேர்ட் பாரடைஸ்' என்ற பெயரில் 2023 மே மாதம் திறந்தார்கள். பழைய புத்தகத்தை நம்பினால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊரின் இன்னொரு கோடியில் பூட்டின கேட்டு முன்னால் நிற்க வேண்டியதுதான்!

செந்தோசா தீவில் 37 மீட்டர் உயரத்தில் சிங்கத்தலை மீன் சிலை ஒன்று இருந்தது. அதை 2019 அக்டோபரில் மூடிவிட்டார்கள். ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற பழைய மெர்லயன் சிலை மட்டும் அப்படியே இருக்கிறது. முஸ்தபா கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 2020-ல் கொரோனா வந்ததோடு அது போயிற்று. அங்கே பொருளுக்கும் சாப்பாட்டுக்கும் போடுகிற ஜிஎஸ்டி வரி 7 சதவீதமாக இருந்தது. 2023-ல் 8 ஆகி, 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம்.

ஆகையால் ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொள்ளுங்கள். போகிற ஊரில் சமீபத்தில் மாறின ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அது புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் 'பறவை எங்கே?' என்று பார்த்தோம். ஆறில் மூன்று புத்தகம் ஜூரோங் என்றது. மூன்றையும் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டோம்.

பழைய பதிப்பு ஒன்றுக்குமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கோயில் கட்டின கதை மாறப் போகிறதா? சைனாடவுனில் இருக்கிற ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-ல் தொடங்கியது, அதை நிறுவியவர் நாராயண பிள்ளை என்பதெல்லாம் எந்த வருஷத்துப் புத்தகத்திலும் ஒன்றுதான். வரலாற்றுக்கு நூலகப் புத்தகம் போதும். ரயிலுக்கும் நேரத்துக்கும் காசுக்கும் புதுப் பதிப்பு வேண்டும்.

வரைபடம் இல்லாத வழிகாட்டி உப்பில்லாத குழம்பு

அடுத்து வரைபடம். மடித்து வைத்த பெரிய வரைபடம் பின் அட்டையில் இருக்கிறதா? ரயில் பாதைப் படம் தனியாக இருக்கிறதா? ஒரு இடத்தைப் பற்றி எழுதும்போதே பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்கிறார்களா? இந்த மூன்றையும் பாருங்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் நின்றபடியே தங்கச்சி வீட்டிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு விரலால் போய்ப் பார்த்தேன். யீஷூனில் சிவப்புப் பாதையில் ஏறி, டோபி காட் நிலையத்தில் இறங்கி, ஊதாப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. அதே ஊதாப் பாதையில் எதிர்ப்பக்கம் போனால் இரண்டாவது நிலையம் சைனாடவுன். இவ்வளவுதான்! பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த எனக்கே ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. விரலால் போக முடிந்தால் காலாலும் போக முடியும்.

ஒரு புத்தகத்தில் ரயில் படம் இருந்தது, ஆனால் பழுப்புப் பாதை பாதியில் நின்றது. அது பழைய படம். அந்தப் பாதை 2020-லிருந்து பகுதி பகுதியாகத் திறந்துகொண்டே வந்தது. பெரிய பூந்தோட்டமான 'கார்டன்ஸ் பை த பே' வாசலுக்கே நிலையம் வந்தது 2022 நவம்பரில். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்த ஒரு நிலையம் எவ்வளவு பெரிய உபகாரம்!

சாப்பாட்டுப் பக்கத்தை நின்று படியுங்கள்

என் அம்மா சுத்த சைவம். முட்டை வாசனை கூட ஆகாது. 'சைவ உணவகங்கள்' என்று தலைப்புப் போட்டு நாலு பெயர் கொடுத்தால் மட்டும் போதாது. சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து இருக்கிற கோமள விலாஸ் மாதிரி கடைகளை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லிட்டில் இந்தியாவை விட்டு வெளியே வந்தால் என்ன செய்வது என்று சொல்கிற புத்தகம்தான் நமக்கு வேண்டும்.

உதாரணத்துக்கு வள்ளைக்கீரையை வதக்கித் தருவார்கள். பார்த்தால் கீரைதானே என்று நினைப்போம். அதில் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது சேர்ப்பது வழக்கம். காய்கறிப் பொரியலில் சிப்பிச் சாறு ஊற்றுவதும் உண்டு. இதை எச்சரிக்கிற புத்தகம் எழுதியவருக்குச் சைவக்காரர்களின் கஷ்டம் தெரிந்திருக்கிறது. சீனர்களிலேயே பௌத்த சைவக்காரர்கள் நடத்துகிற கடைகள் உண்டு. அந்தப் பலகையில் இருக்கும் சீன எழுத்தைப் படமாகப் போட்டுக் காட்டியிருந்தது ஒரு புத்தகம். அந்தப் பக்கத்தின் மூலையை மகள் அப்போதே மனசில் மடித்து வைத்துவிட்டாள்.

அம்மாவின் டீ கேள்விக்கும் பதில் கிடைத்தது. அங்கே 'தே' என்று கேட்டால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றித் தருவார்கள். 'தே ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கோசோங் என்பது மலாய்ச் சொல், ஒன்றும் இல்லை என்று பொருள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

விலைப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீதம் சேவைக் கட்டணமும் அதன்மேல் வரியும் சேரும் என்பதையும் அதில்தான் படித்தேன். உணவங்காடிகளில் அது கிடையாது. ஆனால் அங்கே சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்கவேண்டும். 2021-லிருந்து அது சட்டம். மேஜைமேல் யாராவது டிஷ்யூ பேப்பர் பொட்டலம் வைத்திருந்தால் இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாம் பஸ்ஸில் கர்ச்சீப் போடுவது மாதிரி!

பெட்டிக்குள் என்ன போகலாம்?

இந்தப் பகுதி எந்தப் புத்தகத்தில் விவரமாக இருக்கிறதோ அதற்குக் கூடுதல் மார்க் கொடுங்கள். சிங்கப்பூருக்குச் சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது. 1992-ல் வந்த தடை. வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் கூடாது. இதைவிட நம் சமையலறைக்காரர்களுக்கு அதிர்ச்சியான ஒன்று சொல்லட்டுமா? கசகசா! குருமாவுக்கு அரைக்கிறோமே, அதே கசகசாதான். அபினிச் செடியின் விதை என்பதால் அங்கே போதைப்பொருள் தடுப்புத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தங்கச்சிக்கு ஆசையாக மசாலா அரைத்துக் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் மூன்று மாதத்துக்கு மேல் தேவையானதைக் கொண்டுபோகக் கூடாது. சில வகைத் தூக்க மாத்திரை, வலி மாத்திரை, இருமல் மருந்துகளுக்கு முன்கூட்டியே அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அம்மாவின் இன்சுலினுக்கு டாக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கி, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொண்டோம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சட்டம், விசா, மருந்து இந்த மூன்றுக்கும் எவ்வளவு புதிய புத்தகமானாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். 'இப்படி ஒரு விதி இருக்கிறது' என்று நமக்கு எச்சரிக்கை கொடுப்பதுதான் புத்தகத்தின் வேலை. புறப்படும் முன் அந்த நாட்டு அரசாங்கத்தின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

யாருக்காக எழுதின புத்தகம்?

மிச்சம் இருந்த மூன்றில் ஒன்று தென்கிழக்கு ஆசியா முழுவதுக்குமானது. தலையணை கனம். அதில் சிங்கப்பூருக்குக் கொஞ்சம் பக்கம்தான். நாலைந்து நாடு சுற்றுகிறவர்களுக்கு அது லாபம். ஒரே ஊரில் பன்னிரண்டு நாள் இருக்கப் போகிற நமக்கு அந்த ஊருக்கு மட்டுமான சின்னப் புத்தகம்தான் சரி.

இன்னொன்று நல்ல புத்தகம்தான். ஆனால் பாதிக்கு மேல் இரவு விடுதி, மதுக்கடை, விலையுயர்ந்த ஓட்டல். கழிப்பறை பற்றியோ, உட்கார இடம் உண்டா, லிஃப்ட் உண்டா என்பது பற்றியோ ஒரு வரி இல்லை. இளவட்டங்களுக்கு எழுதியது. அவர்களுக்கு அது பிடிக்கும்.

கடைசியாகக் கையில் நின்றது ஒல்லியான புத்தகம். படம் குறைவு. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் திறக்கிற நேரம், விடுமுறை நாள், பக்கத்து ரயில் நிலையம், கட்டணம், இலவசமா என்பதெல்லாம் ஒரே வரியில் இருந்தது. பொட்டானிக் கார்டன்ஸ் நுழைவு இலவசம், அதற்குள் இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் என்று பிரித்துச் சொல்லியிருந்தது. கோயில்கள் நம் ஊர் போலவே மத்தியானம் நடை சாத்தும் என்பதும் இருந்தது. பதினாறில் பதின்மூன்று கேள்விக்குப் பதில்!

வாங்குவதற்கு முன் இன்னொரு சோதனையும் செய்தேன். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பத்தியைப் படித்தேன். நான்கு வார்த்தைக்குத்தான் அகராதி தேவைப்பட்டது. சில புத்தகங்களில் ஆங்கிலம் கவிதை மாதிரி இருக்கிறது. அதை வாங்கி என்ன செய்ய? நம்மால் படிக்க முடிகிற புத்தகம்தான் நமக்கு நல்ல புத்தகம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயரைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. உங்கள் நோட்டில் இருக்கிற கேள்வி வேறு. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒன்று, நகை, துணி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. என் செருப்பு உங்கள் காலுக்குச் சேராது.

செல்போன் இருக்கே, புத்தகம் எதுக்கு?

என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இது. "ஆயிரத்துக்கு மேல போட்டு ஒரு புத்தகமா? எல்லாம் செல்லுலயே இருக்கே" என்றார். உண்மைதான், இருக்கிறது. ஆனால் செல்போன், நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். 'தே ஓ கோசோங்' என்று ஒன்று இருப்பதே தெரியாதவள் அதை எப்படிக் கேட்பாள்? கேட்கத் தெரியாததையும் சேர்த்துச் சொல்வதுதான் புத்தகம்.

இன்னொன்று, செல்போனை ஒருத்தர்தான் பார்க்க முடியும். புத்தகத்தை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஒரு மாதம் பார்த்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் படித்துச் சொல்லச் சொல்ல, அம்மா வரைபடத்தில் கோயில்களுக்கெல்லாம் குங்குமப் பொட்டு வைத்துவிட்டார்! புறப்படும் முன்பே அந்த ஊர் எங்களுக்குப் பழகிவிட்டது. அங்கே போய்ச் செல்போனையும் வைத்துக்கொண்டோம்தான். பஸ் வருகிற நேரத்துக்கு அது, நாளைத் திட்டம் போடப் புத்தகம்.

எட்டு நாளும் வெளியில்தான்

முதல் வேலை நாள் காலையில் தங்கச்சி பயந்துகொண்டேதான் ஆபீஸ் போனாள். சாயந்திரம் அவள் வருவதற்குள் நாங்கள் வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை எல்லாம் பார்த்து, ஒரு முழம் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

நான்காம் நாள் ஒரு சோதனை வந்தது. சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வந்தோம். வெயில். அம்மாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்தது. சர்க்கரை இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. பையில் வைத்திருந்த குளுக்கோஸை வாயில் போட்டுவிட்டு, நிழலில் உட்கார வைத்தேன். மகள் புத்தகத்தைப் புரட்டி, "அம்மா, இதே ரோட்டுக் கோடியில மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கு. நேரா நடந்தா போதும்" என்றாள். கொஞ்சம் தெளிந்ததும் மெதுவாக நடத்திக் கூட்டிப்போனோம். அன்றைக்குக் கோசோங் இல்லை, நன்றாக இனிக்கிற 'தே' வாங்கிக் கொடுத்தேன். ஆம்புலன்ஸுக்கு 995 என்று புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை. கால் மணி நேரத்தில் அம்மா பழையபடி பேச ஆரம்பித்துவிட்டார்.

யாரையும் போன் போட்டு வேலையிலிருந்து கூப்பிடவில்லை. தெருவில் அழுதுகொண்டு நிற்கவில்லை. ராத்திரி தங்கச்சியிடம் சொன்னபோது அவளுக்குத்தான் கண் கலங்கியது.

புத்தகம் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது புகழ்ந்திருந்த ஒரு சாப்பாட்டுக் கடை அந்த இடத்தில் இல்லவே இல்லை. மண்டாய்க்குப் போக நகரத்திலிருந்து வழி சொல்லியிருந்தது. எங்களுக்கோ யீஷூனுக்கு அடுத்த நிலையமான காத்திப்பிலிருந்தே நேராகப் பஸ் இருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி சொல்லித்தான் தெரிந்தது. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்று புத்தகம் சொல்லும். அதற்காக எதிரே வருகிறவர்கள் எல்லாரும் தமிழ் பேசுவார்கள் என்று அர்த்தமில்லை. சீனர்கள்தான் அதிகம். இப்படித் தெரிந்துகொண்டதை எல்லாம் அன்றன்று ராத்திரி பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

இப்போது எங்கள் தெருவில் ஒருவர் மகனைப் பார்க்க சிங்கப்பூர் போகப் போகிறார். புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். "ஓரத்துல எழுதியிருக்கறதைப் படிங்க, வரைபடத்தைப் பாருங்க. நேரம், கட்டணம் மட்டும் மாறியிருக்கும், புதுசாப் பார்த்துக்குங்க. அதுக்கு முன்னால உங்க கேள்வியை ஒரு நோட்டுல எழுதுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

சகோதரிகளே, உங்களில் யாராவது இப்படிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக ஊர் பார்த்து வந்திருந்தால், எந்த ஊர், எந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். மலேசியாவுக்கும் இலங்கைக்கும் துபாய்க்கும் போகக் காத்திருக்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர்!

- புதுக்கோட்டை வாசகி